லோட்டேயின் கயிறு யார் கையில்

இந்த வருடம் மார்ட்டின் ஊர்வலத்தில் லோட்டேயின் கயிற்றை, புதிதாக வந்த அஜிதா பிடிக்கட்டும் என்று தோட்டக்காரி பிர்கிட் சொன்னபோது, சிவசக்தி கொட்டிலுக்கு வெளியே லீக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். ஒக்டோபர் மாதத்துத் தண்ணீர், விரல்கள் விறைத்துப்போயிருந்தன. ஆனாலும் அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் உள்ளங்காலிலிருந்து உச்சிவரை அவளுக்குச் சுட்டது.

"நல்லது" என்று ஜெர்மனில் சொன்னாள். சிரித்தும் வைத்தாள். பிர்கிட் அந்தச் சிரிப்பை நம்பிக்கொண்டு போய்விட்டாள். ஜெர்மன்காரர்கள் இந்த விஷயத்தில் பாவங்கள். வாயால் சொன்னதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பக்கத்தில் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் நின்றிருந்தால், லீக்ஸின் வேரை அவள் முறித்த முறியிலேயே அந்த "நல்லது" எவ்வளவு பொல்லாதது என்று கண்டுபிடித்திருப்பார்.

லோட்டே ஒரு பெட்டைக் குதிரை. பந்தயத்தில் ஓடுகிற மெலிந்த சாதி அல்ல, கலப்பை இழுக்கவென்று ரைன் கரையில் வளர்த்தெடுத்த கனத்த சாதி. ஒவ்வொரு குளம்பும் சோற்றுக் கோப்பை அளவு இருக்கும். பான் நகரத்துக்கும் கொலோனுக்கும் நடுவே, மரக்கறித் தோட்டங்கள் நிறைந்த கிராமம் ஒன்றில் பிர்கிட்டின் தோட்டம் இருக்கிறது. அங்கே ட்ராக்டர் இல்லாமல் இல்லை. ஆனால் வரிசைகளுக்கு நடுவே களை கிளறுவது, உருளைக்கிழங்குக்கு மண் அணைப்பது, வெட்டிய முட்டைக்கோவாவை வண்டியில் ஏற்றி வருவது எல்லாம் லோட்டேயின் வேலை. ட்ராக்டர் ஏறினால் மண் இறுகிவிடும், குதிரை நடந்தால் மண் பொலபொலவென்று கிடக்கும் என்பது பிர்கிட்டின் கட்சி. தோட்டத்துக்கு மாதச் சந்தா கட்டி மரக்கறி வாங்குகிற நகரத்துச் சனங்களுக்கும் அந்தக் கட்சி பிடித்திருந்தது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, கரட்டை வாங்குவதற்கு முன்னால் குதிரையைப் பார்ப்பார்கள்.

கோப்பி குடிக்கிற நேரத்தில் பிர்கிட் அந்த ஊரின் பழைய கதைகளைச் சொல்லுவாள். அவளுடைய பூட்டன் காலத்தில் வீட்டுக்கு வீடு குதிரை நின்றதாம். கிழமை நாட்களில் உழுத அதே குதிரைதான் கல்யாணத்துக்கு மணப்பெண்ணை ஏற்றிப் போகும்; செத்தவீட்டுக்குப் பெட்டி வண்டியையும் இழுக்கும்; எங்காவது தீப்பிடித்தால் தண்ணீர் வண்டியும் அதன் தலையில்தான். கொலோன் சந்தையில் மரக்கறியை விற்றுவிட்டுத் திரும்பும்போது கமக்காரன் வண்டியில் படுத்து நித்திரை கொள்ள, குதிரை தானாக வீடு வந்து சேருமாம். ஒரு குதிரை மட்டும் வைத்திருந்தவன் ஆழ உழவேண்டுமென்றால் பக்கத்து வீட்டானின் ஒரு குதிரையையும் சேர்த்துப் பூட்டவேண்டும். ஆகவே உழவு முடியும்வரை அயலட்டையில் சண்டை பிடிக்க வழியில்லை. பிறகு ட்ராக்டர் வந்தது, சண்டையும் வந்தது என்று சொல்லி பிர்கிட் சிரிப்பாள்.

சிவசக்தி சிரிக்கமாட்டாள். செத்துப்போன அந்தச் சனங்கள் மீதுகூட அவளுக்கு ஒரு எரிச்சல் உண்டு. வீட்டு வாசலில் குதிரை கட்டி வைத்திருந்தார்களாம், பெரிய ஆட்கள்!

உள்ளதைச் சொல்லிவிடவேண்டும். பொறாமை சிவசக்திக்குப் புதிய வியாதி அல்ல. நாலு அக்காமாருக்குப் பிறகு பிறந்தவள். அவள் போட்ட சட்டைகள் எல்லாமே இன்னொருத்தியின் உடம்பில் வெளிறியவை. கல்யாணம் பேசி, குமாரசாமியின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஜெர்மனிக்கு விமானம் ஏறினாள். வந்து இறங்கிய பிறகு, தன்னோடு சேர்ந்து அகதி வீட்டில் இருந்த கலாதேவி சொந்த வீடு வாங்கினாள். கலாதேவியின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு நடந்தபோது, பிள்ளை மண்டபத்துக்கு வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் வந்து இறங்கினாள். அன்று சிவசக்தி மண்டபத்துக் கதிரையில் இருந்துகொண்டு பலகாரத்தில் சீனி கூட என்று சொன்னாள். பிழை சொல்ல வேறு ஒன்றும் அகப்படவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அவள் பான் நகரத்து அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தாள். அவள் வரும்போது மேசைகளில் ஆள் இருக்காது, ஆள் வரும்போது அவள் இருக்கமாட்டாள். யாருக்காவது தன் மீது பொறாமை வந்திருக்குமா என்று அவள் யோசித்ததே இல்லை. அதற்கு என்ன முகாந்தரம் இருக்கிறது?

தோட்டத்துக்கு அவள் வந்தது கோவா வெட்டுகிற கூலி வேலைக்குத்தான். ஒரு நாள் குதிரை பிடிக்கிற ஆள் வரவில்லை. கலப்பையைப் பிடிக்க பிர்கிட் இருந்தாள். முன்னால் நின்று குதிரையின் தலையைப் பிடித்து நடத்த ஆள் இல்லை. பிர்கிட் சுற்றிப் பார்த்து, சிவசக்தியைக் கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த குதிரை, வேட்டைத் திருவிழாவில் சுவாமி ஏறிவருகிற மரக்குதிரை ஒன்றுதான். அது கடிக்காது. இது மூக்கால் பெருமூச்சு விட்டு அவளுடைய தலைத்துண்டை முகர்ந்தது. பயத்தில் அவளுக்கு ஜெர்மன் எல்லாம் மறந்துபோய், "வாணை, வாணை, சும்மா நடவணை" என்று சொன்னாள். லோட்டே நடந்தது. வரிசை முடியும் மட்டும் ஒரு கோவாக் கன்றைக்கூட மிதிக்கவில்லை.

அன்றிலிருந்து கயிறு அவள் கைக்கு வந்தது. அதோடு மார்ட்டின் ஊர்வலமும் வந்தது.

நொவெம்பரில் அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் இந்த ஊர்வலம் நடக்கும். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் போர்வையைப் பாதியாக வெட்டிக் கொடுத்த புனிதரின் நாள் அது. பொழுது படுகிற நேரத்தில் பிள்ளைகள் காகித விளக்குகளோடு பின்னால் வர, சிவப்புப் போர்வையும் தலைக்கவசமும் போட்ட மார்ட்டின் முன்னால் குதிரையில் வருவார். ஊரில் ட்ராக்டர் எத்தனை இருந்தாலும் புனிதரை அதில் ஏற்ற முடியுமா? அந்த ஒரு நாளுக்கு ஊருக்குக் குதிரை வேண்டும். மார்ட்டின் வேஷம் போடுகிற மருந்துக்கடைக்காரர் குதிரை என்றால் குலை நடுங்குகிற மனிதர். மேளச் சத்தம், விளக்குகள், காலுக்குள் ஓடுகிற பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவே லோட்டேயை அசையாமல் கொண்டுபோகிறவள் சிவசக்தி. மருந்துக்கடைக்காரர் மேலே இருந்து, "பிடித்திருக்கிறீர்கள்தானே? பிடித்திருக்கிறீர்கள்தானே?" என்று கேட்டுக்கொண்டே வருவார். அவள் பதில் சொல்லாமல், ஊர் பார்க்க, நிமிர்ந்து நடப்பாள்.

அதற்குப் பிறகுதான் அந்த ஊர் அவளைக் கண்டது. கடையில், ட்ராம் தரிப்பில், "குதிரைக்கார அம்மா!" என்று பிள்ளைகள் கை காட்டின. தாய்மார் தலை அசைத்தார்கள். மேசை துடைத்த காலத்தில் ஒரு நாயும் அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆகவே அஜிதாவுக்குப் போகப்போவது வெறும் கயிறு அல்ல. சிவசக்தி மறுபடியும் யார் கண்ணிலும் படாதவளாகப் போகிறாள், அவ்வளவுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டவள் அவளேதான். தமிழ்ப் பள்ளிக்கூடத்து விழாவில் கைத்தொலைபேசியை நீட்டி நீட்டி, லோட்டேயும் தானும் நிற்கிற படங்களை எல்லாருக்கும் காட்டினாள். கலாதேவிக்கு இரண்டு முறை காட்டினாள். அங்கேதான் அஜிதா படத்தைப் பார்த்துவிட்டு, காப்புறுதிக் கம்பனி வேலையில் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொன்னாள்.

"அக்கா, நானும் ஒருக்கா வந்து பாக்கட்டோ?"

"வாருமன். நான் பிர்கிட்டிட்டைச் சொல்லிவிடுறன்" என்று சிவசக்தி பெரிய மனுஷியாகச் சொன்னாள்.

அஜிதா கம்பனி வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்து வேலைக்கே வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஜெர்மனியில் வளர்ந்தவள், ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு. வந்த முதல் நாளே தான் நெடுந்தீவில் பிறந்ததைச் சொல்லிவிட்டாள். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கிற தீவு அது. காட்டுக் குதிரைகள் கூட்டமாகத் திரிகிற இடம். பிர்கிட்டின் கண் விரிந்தது. குதிரைத் தீவில் பிறந்த பெண் தன் தோட்டத்துக்கு வந்திருக்கிறாள் என்று சனிக்கிழமை வந்த சனங்களுக்கெல்லாம் சொல்லி, லோட்டேயோடு அவளை நிற்கவைத்துப் படமும் எடுப்பித்தாள். சிவசக்திக்கு வயிறு பற்றியது. கைக்குழந்தையாக அந்தத் தீவை விட்டு வந்தவளுக்குக் குதிரையின் தலை எது வால் எது என்று தெரிந்திருக்குமா? நெடுந்தீவுக் குதிரையை அவள் பார்த்ததெல்லாம் யூடியூப்பில்தான். ஆனால் இதைச் சரியாகச் சொல்ல சிவசக்தியின் ஜெர்மன் போதாது. தமிழில் சொன்னால் பொறாமை என்று நினைப்பார்கள், அது உண்மையும்கூட.

அதோடு விட்டதா? லோட்டேயும் அஜிதாவுக்குப் பின்னால் கயிறு இல்லாமலே நடக்கத் தொடங்கியது. அஜிதா நின்றால் நின்றது. அவளுடைய தோளில் தாடையைப் போட்டு உரஞ்சியது. "பார், எவ்வளவு அமைதி" என்று பிர்கிட் சொன்னாள். அஜிதா கார் வைத்திருக்கிறவள், வெள்ளனவே வந்துவிடுவாள். சிவசக்தி ட்ராமில் வந்து இறங்கி நடந்து சேரும்போது லோட்டே துடைத்து மினுங்கிக்கொண்டு நிற்கும். அதன் பிடரி மயிரை அஜிதா பின்னிவிட்டிருந்த ஒரு நாளில், சிவசக்தி மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள்.

"சாப்பிடேல்லையோ?" என்று குமாரசாமி கேட்டார். பேக்கரியில் மாக் குழைத்துவிட்டு வந்து, காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

"பசிக்கேல்லை."

"இஞ்சரும், அது ஒரு குதிரை. அது ஆரோடை நிண்டால் உமக்கென்ன?"

"உங்களுக்கு விளங்காது. அந்தக் குதிரையை ஒரு கன்று மிதியாமல் வரிசையிலை நடத்தினது நான். மழைக்கை பனிக்கை நிண்டது நான். இண்டைக்கு வந்தவள் பின்னல் பின்னிப் போட்டுக் குதிரையைத் தூக்கிக்கொண்டு போறாள்."

"அவ்வளவு பாரத்தைத் தூக்குறாள் எண்டால் கெட்டிக்காரிதான்" என்றார் அவர். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அந்த வீட்டில் கரண்டிகளின் சத்தம்தான் கேட்டது.

பிர்கிட் கயிற்றை அஜிதாவுக்குக் கொடுத்த பிறகுதான் சிவசக்திக்குக் கொள்ளு நினைவுக்கு வந்தது. தமிழில் குதிரை என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் கொள்ளு என்பார். குதிரையின் வாலைக்கூடத் தொட்டறியாத சனமும் இதை மட்டும் அறியும். இவ்வளவு காலமாக லோட்டே புல்லும் வைக்கோலும் ஓட்ஸும் தின்றுகொண்டிருக்கிறது. கொள்ளு தின்று பார்த்ததே இல்லை. குதிரைக்குரிய சாப்பாட்டைக் குதிரைக்குக் கொடுக்கிறவளை விட்டுக் குதிரை எங்கே போகும்? ஊர்வலத்துக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அதற்குள் லோட்டே அஜிதாவை விட்டுவிட்டுத் தன் பின்னால் வந்தால், பிர்கிட் வாய் திறக்காமல் கயிற்றைத் திருப்பித் தந்துவிடுவாள்.

சனிக்கிழமை பின்னேரம் கொலோனுக்குப் போய்த் தமிழ்க் கடையில் கொள்ளு வாங்கினாள். அவித்து, ஆறவிட்டு, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, பைக்குள் தலைத்துண்டுக்குக் கீழே ஒளித்துக் கொண்டுபோனாள். அஜிதா வண்டியில் பெட்டி அடுக்குகிற நேரம் பார்த்துக் கொட்டிலுக்குள் நுழைந்து, கை நிறைய அள்ளி நீட்டினாள். லோட்டே முதலில் முகர்ந்தது. பிறகு உதடு கொண்டு துடைத்தெடுத்தது. டப்பாவுக்குள்ளேயே மூஞ்சியை விட்டது. சிவசக்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தின்னணை, தின்னு. அவள் பின்னல் பின்னுவாள். நான் வயித்தைப் பாப்பன்."

அடுத்த நாளும் கொடுத்தாள். அதற்கடுத்த நாள் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாள். லோட்டே அவளுடைய பையைக் கண்டால் காதை நிமிர்த்தியது. அந்தக் கிழமை முழுவதும் சிவசக்தி அஜிதாவோடு நல்ல சந்தோஷமாகக் கதைத்தாள். வெல்லப்போகிறவர்களுக்கு அப்படி ஒரு தாராளம் வரும்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தபோது லோட்டே கொட்டிலுக்குள் நிற்கவில்லை. முற்றத்தில் பிர்கிட் அதைக் கயிற்றில் பிடித்துச் சுற்றிச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தாள். குதிரையின் கழுத்தும் விலாவும் வேர்வையில் நனைந்திருந்தன. நாலடி நடப்பதும், நின்று முன்காலால் தரையைக் கிளறுவதும், தலையைத் திருப்பித் தன் வயிற்றையே பார்ப்பதுமாக இருந்தது. ஒரு முறை முழங்காலை மடித்துப் படுக்கப் பார்த்தது. பிர்கிட் கத்தி இழுத்து எழுப்பினாள்.

அஜிதா சுவரோடு சுவராக நின்றாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"வயித்துக் குத்து அக்கா. டொக்டர் வந்துகொண்டிருக்கிறார். இதிலை குதிரையள் செத்துப்போறதும் உண்டாம்."

சிவசக்தி தோளில் கிடந்த பையை முதுகுப் பக்கம் தள்ளினாள்.

"கண் பட்டிட்டுது அக்கா" என்றாள் அஜிதா அவசரமாக. "அண்டைக்குப் படம் எடுக்கேக்கை எவ்வளவு சனம் பாத்தது."

"ஓம் பிள்ளை, கண்தான். நாவூறுதான். வேறை என்ன?"

இருவரும் அவ்வளவு விரைவாக ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. சிவசக்தி சமையலறைக்கு ஓடி ஒரு பிடி உப்பை எடுத்து வந்து, லோட்டேயின் தலையைச் சுற்றி மூன்று முறை சுழற்றிக் கழித்துத் தண்ணீருக்குள் போட்டாள். பிர்கிட்டுக்கு அது என்னவென்று கேட்க நேரமில்லை. ஊரார் கண்ணாக இருக்கவேண்டும், ஊரார் கண்ணாகவே இருக்கவேண்டும் என்று சிவசக்தி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பைக்குள் அன்றைய கொள்ளு இன்னும் இளஞ்சூட்டோடு இருந்தது.

மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார். மூக்கு வழியாக நீண்ட குழாயை வயிற்றுக்குள் இறக்கினார். விலாவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த நாட்களில் புதிதாக என்ன தின்றது?"

"ஒன்றுமில்லை" என்றாள் பிர்கிட். "எப்போதும் தின்கிறதுதான்."

"நல்லாக யோசியுங்கள். உள்ளே ஏதோ பொங்கியிருக்கிறது. என்னவென்று தெரிந்தால்தான் அடுத்த வேலையைச் செய்யலாம்."

சொன்னால் என்ன நடக்கும் என்று சிவசக்திக்குத் தெரியும். கயிறு இந்த வருடம் மட்டும் அல்ல, இனி எந்த வருடமும் இல்லை. வேலையும் போகலாம். குதிரைக்கார அம்மா குதிரையைக் கொல்லப் பார்த்த கதை ஊர் முழுக்கப் பரவும். அதைக் கலாதேவி கேட்பாள். கலாதேவி எந்தக் குரலில் "ஐயோ பாவம்" என்று சொல்லுவாள் என்பதுகூட அவளுக்குக் காதில் கேட்டது. அந்த நேரத்தில் லோட்டே முனகிக்கொண்டு மறுபடியும் முழங்காலை மடித்தது.

"நான்" என்றாள் சிவசக்தி. அவளுடைய ஜெர்மன் உடைந்து உடைந்து வந்தது. "நான் குடுத்தது. பயறு மாதிரி ஒன்று. எங்கடை ஊர்ச் சாப்பாடு. அவிச்சது." பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தியரிடம் நீட்டினாள்.

பிர்கிட் அவளைப் பார்த்த பார்வையை அவள் எதிர்கொள்ளவில்லை. வைத்தியர் மூடியைத் திறந்து, ஒரு மணியை விரலால் நசித்துப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"இவ்வளவு. இந்த டப்பா."

"இது எவ்வளவு பெரிய குதிரை! இந்த அளவு அவித்த தானியத்துக்கு வயிறு கொஞ்சம் ஊதலாம். இப்படி வராது" என்று அவர் தலையை ஆட்டினார். "வேறு ஏதோ இருக்கிறது."

பிறகு சுவர்ப் பக்கமிருந்து, தமிழில், மிகவும் மெல்லிய ஒரு குரல் வந்தது.

"அக்கா, நீங்கள் அவிச்சோ குடுத்தனீங்கள்?"

"ஓம். அவிச்சுத்தான்."

"நான் ஊறப்போட்டுத்தான் குடுத்தனான்."

சிவசக்தி திரும்பி அஜிதாவைப் பார்த்தாள். அவளுடைய கண் நிலத்தில் இருந்தது. பிர்கிட்டுக்கும் வைத்தியருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. இருவரும் இவர்களுடைய முகங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். சிவசக்தியின் தலைக்குள் கணக்கு ஓடியது. அவித்தது கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையால். ஊறிய பச்சைக் கொள்ளு விடியற்காலையில் அஜிதாவின் கையால். அது வயிற்றுக்குள் போய் இன்னும் ஊதியிருக்கும். அப்படியென்றால் பெரிய பிழை அஜிதாவுடையது! இதை இப்போது பிர்கிட்டின் முன்னால் போட்டுடைத்தால், கயிறு அஜிதாவுக்கும் இல்லை. அந்த நினைப்பு வந்ததும் சிவசக்திக்கு உண்மையாகவே மனம் கொஞ்சம் குளிர்ந்தது. அதை ஒளிக்கவேண்டியதில்லை.

"சொல்லு" என்றாள். அதுவரை அவள் அஜிதாவை நீ என்று கூப்பிட்டதில்லை. "இப்பவே சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவன்."

அஜிதாவின் வாய் திறந்து மூடியது. காப்புறுதிக் கம்பனியில் வாடிக்கையாளரை வாய் மூட வைத்த அந்த ஜெர்மன் எங்கே போனது என்று தெரியவில்லை. லோட்டே மறுபடியும் முனகியது. சிவசக்தி பொறுக்கமாட்டாமல் வைத்தியரிடம் திரும்பி, தன்னையும் அவளையும் விரலால் காட்டினாள்.

"இரண்டு பேரும். நான் அவிச்சது. அவ பச்சை, தண்ணியிலை ஊறினது. காலமை."

வைத்தியருக்கு அது போதும். குழாயால் இளஞ்சூட்டு நீரும் எண்ணெயும் போயின. ஊசி இன்னொன்று ஏறியது. பிறகு இருவரையும் குதிரையை நடத்தச் சொன்னார். ஒருத்தி களைத்தால் மற்றவள், அவள் களைத்தால் இவள் என்று கயிறு கை மாறிக்கொண்டே இருந்தது. கை மாறும்போது அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குக் கிட்ட லோட்டே நின்று, வாலைத் தூக்கி, லத்தி போட்டது. வைத்தியர் கையைத் தட்டினார். பிர்கிட் சுவரில் சாய்ந்து அழுதாள். ஒரு குதிரையின் லத்தியைக் கண்டு இப்படிக் கும்பிட்ட தமிழ்ப் பெண்கள் வேறெங்கும் இருந்திருக்கமாட்டார்கள்.

அழுது முடித்த பிறகு பிர்கிட் தீர்ப்புச் சொன்னாள். கத்தவில்லை, அவள் கத்தியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். வேலையில் இருந்து இருவரையும் நிறுத்தமாட்டாள். ஆனால் தீவனத்தில் இனி அவர்கள் கை வைக்கக்கூடாது. லோட்டே இந்த வருடம் ஊர்வலத்துக்குப் போகாது; வீட்டில் இருந்து ஆறட்டும். பக்கத்து ஊர்க் குதிரையேற்றப் பள்ளியிலிருந்து வேறு குதிரை வரும், அதைப் பிடிக்க அங்கிருந்தே ஆளும் வரும்.

"என்ன, பழி தீர்ந்துதோ?" என்று வீட்டில் கதையைக் கேட்ட குமாரசாமி கேட்டார். கயிறு அஜிதாவுக்கும் இல்லாமல் போனது. அவள் கேட்ட வரம்தான். ஆனால் ஒரு கேள்வி சிவசக்தியை உறங்க விடவில்லை. பின்னல் பின்னியவள், படம் எடுப்பித்தவள், கயிறும் கையில் கிடைத்தவள். எல்லாம் இருந்த அவள் ஏன் கொள்ளு ஊறப்போட்டாள்?

ஊர்வலத்தன்று போவதில்லை என்றுதான் இருந்தாள். பொழுது சாயச் சாய இருப்புக்கொள்ளவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு ட்ராம் ஏறினாள். தேவாலயத்துக்கு முன்னால் வீதியோரத்தில் சனம் நெருங்கி நின்றது. அங்கே கைகளைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு அஜிதாவும் நின்றாள். ஒளிய இடமில்லை, பக்கத்தில் போய் நின்றாள்.

மேளம் கேட்டது. வளைவில் மருந்துக்கடைக்காரரின் சிவப்புப் போர்வை தெரிந்தது. அவர் ஏறியிருந்தது கால் மெலிந்த, தோல் மினுங்குகிற ஒரு பந்தயச் சாதிக் குதிரை. விளக்குகளைக் கண்டு கண்ணை உருட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தது. அதைப் பிடித்து வந்த இளம்பெண் சனத்துக்குச் சிரித்துக் கை காட்டினாள். பிள்ளைகளும் அவளுக்குத் திருப்பிக் கை காட்டினார்கள். சிவசக்தியின் நெஞ்சு காந்தியது.

"கயிறை எப்பிடிப் பிடிச்சிருக்கிறாள் பாருங்கோ" என்றாள் அஜிதா பல்லுக்குள்ளால்.

"உடுப்புக் காயப்போடுற கயிறைக் கொண்டுபோற மாதிரி" என்றாள் சிவசக்தி.

கொஞ்ச நேரம் இருவரும் அந்தப் பெண்ணை நன்றாகப் பார்த்தார்கள். பிறகு சிவசக்தி கேட்டுவிட்டாள். கேட்காமல் அவளால் இருக்க ஏலாது.

"கயிறு உம்மடை கையிலை. குதிரை உமக்குப் பின்னாலை. பிறகேன் நீர் களவாய்க் கொள்ளு வைச்சனீர்?"

காகித விளக்குகள் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"நீங்கள் வரமுதல் அது எப்பிடி நிக்கிறதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அக்கா? நீங்கள் அங்கை இல்லைத்தானே. நான் வெள்ளன வந்து, துடைச்சு, தடவி, கரட் நீட்டிக்கொண்டு நிப்பன். நீங்கள் ட்ராமாலை இறங்கி அந்த ஒழுங்கையிலை நடக்கத் தொடங்கினால் போதும். எனக்கு ஒரு சத்தமும் கேக்காது. அதுக்குக் கேட்டிடும். சாப்பாட்டை விட்டிட்டுக் கதவுப்பக்கம் திரும்பிடும். என்ரை கையிலை கரட் கிடக்கும், திரும்பியும் பாக்காது. ஒவ்வொரு நாளும் இதுதான். எனக்குப் பாக்க ஏலாமல் கிடந்தது."

சொல்லிவிட்டு அவள் மூக்கைத் துடைத்தாள். மேளக்காரர் சரியாக அவர்களுக்கு நேரே வந்திருந்தார்கள். ஆனாலும் அஜிதா சொன்ன ஒவ்வொரு சொல்லும் சிவசக்திக்குத் தெளிவாகக் கேட்டது. ஐம்பத்திரண்டு வயதில், முதல் தடவையாக ஒருத்திக்குத் தன்னைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. பாவம், வெட்கம் எல்லாம் பிறகு. இப்போதைக்கு அவள் தலைத்துண்டைக் காதிலிருந்து ஒதுக்கிக்கொண்டு அஜிதாவின் பக்கம் குனிந்தாள்.

"மேளச் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை" என்றாள். "இன்னொருக்காச் சொல்லும்."